மஸ்கட்டுக்குப் பதில் மஸ்கெலியா

நான் மஸ்கட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். ஓமானில் சாரதியாக இருக்கும் என் அண்ணன், ஒரு மாத விடுமுறையில் பழைய ஜீப் ஒன்றில் என்னைப் பாலைவனமெல்லாம் சுற்றிக் காட்டுவதாக எழுதியிருந்தான். அவன் ஓட்டுவான், நான் படமெடுப்பேன். அங்கே வேலை செய்யும் தமிழர்கள் சேர்ந்து ஒரு புகைப்படப் போட்டி நடத்தினார்கள். தலைப்பே 'பாலை' தான். நான் இரவல் வாங்கிய ரஷ்யக் கமராவைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வீசா மட்டும் வரவில்லை. கல்யாணமாகாத பிள்ளை மணலைப் பார்த்து என்ன செய்யப்போகிறது என்று யாரோ கேட்டார்களாம்.

அந்த வருடம் இங்கேயும் மழை பொய்த்திருந்தது. நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க மின்சாரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் முப்பது வருடத்துக்கு முன் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா வெளியே தெரிகிறது என்று பத்திரிகையில் ஒரு படம் வந்தது. வெடித்த சேறு, நடுவில் இரண்டு தூண்கள், சுற்றிலும் ஒன்றுமில்லை. அதைப் பார்த்ததும் எங்கள் உயர்தர வகுப்புத் தமிழ் டீச்சரின் குரல் காதில் கேட்டது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "பாலைக்கெண்டு தனியா ஒரு நிலம் இல்லைப் பிள்ளையள். மலையும் காடும் காய்ஞ்சால் அதுதான் பாலை" என்று சொல்லிக் கொடுத்தவர்.

அப்படியானால் மஸ்கட் எதற்கு? மஸ்கெலியா போதும்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வட்டகொடையிலிருந்து கிளம்பினோம். 'கிளம்பினோம்' என்றால் நானும் அந்தோணி மாமாவும். மாமா என் அம்மாவின் தம்பி. மரக்கறி வேன் ஓட்டுகிறவர். வேனுக்குள் லீக்ஸ் மணம், கண்ணாடியில் செபமாலை, பின்னால் ஒரு வெற்றுச் சாக்கு மெத்தை. கமராவில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள். முப்பத்தாறு படம். அதற்கு மேல் வாங்க, சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையான எனக்கு வழியில்லை.

"முப்பத்தாறும் பாலைவனத்துக்குத்தானா? மாமனுக்கு ஒண்ணு கூட இல்லையா?" என்றார் மாமா.

"நீங்க பாலைவனத்துல நின்னா எடுக்குறேன்."

"ஒட்டகம் மாதிரியா?"

நோர்வூட் தாண்டி ஏற்றத்தில் வேன் பெருமூச்சு விட்டு நின்றது. ரேடியேட்டர் கொதித்து மூடி துள்ளியது. இருபுறமும் தேயிலை கருகி, செடிகள் துருப்பிடித்த இரும்புபோல நின்றன. மலைநாட்டில் திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர் என்பார்கள். அன்று ஒரு போத்தல் தண்ணீருக்கு நாங்கள் நாயாக அலைந்தோம். சாலையோரத்துத் தண்ணீர்ப் பீலியில் குடங்களோடு வரிசையாக நின்ற பெண்களிடம் மாமா பல்லிளித்துக் கேட்டார்.

"எங்களுக்கே குடிக்க இல்ல. ஒங்க வண்டிக்கு வேற வாய் இருக்கா?" என்றாள் ஒருத்தி. வரிசை முழுக்கச் சிரித்தது.

கடைசியில் அம்மா கட்டிக்கொடுத்த பிளாஸ்க்கைத் திறந்து, ஆறிப்போன சாயத்தண்ணியை ரேடியேட்டருக்குள் ஊற்றினார் மாமா. பால் கலக்காத வெறும் தேநீர்தான், நல்லவேளையாகச் சீனியும் போடவில்லை. வேன் ஒருமுறை இருமிவிட்டுப் புறப்பட்டது. "தேயிலை நாட்டு வேன் தேத்தண்ணியில ஓடாம எதுல ஓடும்?" என்று மாமா அதன் முகத்தைத் தட்டிக்கொடுத்தார். அதை நான்கு படம் எடுத்தேன்.

அணைக்கட்டுக்கு முன்னால் சோதனைச் சாவடி. தமிழ்ப் பெண், கையில் கமரா, எதிரே அணை. அந்த யுத்த காலத்தில் ஆளைப் பிடித்து வைக்க இது போதும். இளம் சிப்பாய் ஒருவன் எங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டான்: எதைப் படமெடுக்கப் போகிறீர்கள்?

மாமா தன் சந்தைச் சிங்களத்தில், "பாலைவனம், மாத்தயா" என்றார்.

அவன் அட்டைகளை எங்களிடம் திருப்பித் தந்தான். பிறகு உள்ளே இருந்தவனைக் கூப்பிட்டு, "இங்கே வந்து கேள், இவர்கள் பாலைவனம் தேடி மஸ்கெலியாவுக்கு வந்திருக்கிறார்கள்" என்றான். அவன் ஊர் அம்பாந்தோட்டைப் பக்கமாம். "பாலைவனம் வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அம்மா தயிரும் தருவாள்." அம்மா என்ற சொல் வாயில் வந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். அவளுக்கு அனுப்பத் தன்னை ஒரு படம் எடுக்க முடியுமா என்று கேட்டான். அணை படத்தில் விழாமல், சுவரோரமாக நின்றுகொள்கிறானாம்.

தனியாக ஒன்று, நண்பனோடு ஒன்று, துப்பாக்கியோடு ஒன்று, துப்பாக்கி இருந்தால் அம்மா பயப்படுவாள் என்று துப்பாக்கி இல்லாமல் இன்னொன்று. நான்கு படங்கள் போயின. முகவரியை எழுதி வாங்கிக்கொண்டேன்.

தங்கிய இடம் மாமாவின் பழைய கரப்பந்தாட்டக் கூட்டாளி முத்துசாமியின் வீடு, தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்று. முத்துசாமி அண்ணனும் அவர் மனைவி கமலம் அக்காவும் எங்களுக்காகச் சேவல் அடித்திருந்தார்கள். எங்களுக்கோ தவக்காலத்து வெள்ளிக்கிழமை, இறைச்சி ஆகாது. நான் ரொட்டியையும் கட்டச்சம்பலையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வரும் காரம். மாமா கோழிக் குழம்பைப் பார்த்தார், செபமாலையைத் தொட்டார், குழம்பை எடுத்தார்.

"கர்த்தர் மன்னிச்சிருவாரு. கமலம் மன்னிக்காது."

சுவரில் ஒரு நீளமான வளைந்த கத்தி, துணியில் சுற்றி, கயிறு கட்டித் தொங்கியது. கீழே ஒரு பயணப் பை, ஏற்கெனவே கட்டி வைத்தபடி.

"கொழும்புக்கு மச்சான். இரும்புக் கடையில வேல. ஞாயித்துக்கெழம போறேன்" என்றார் முத்துசாமி அண்ணன்.

மாமா ரொட்டியைக் கீழே வைத்தார். முத்துசாமி கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை இடுப்பளவில் வெட்டித் தறிப்பதைத்தான் கவ்வாத்து என்போம். ஒரே வீச்சில், கிளை பிளக்காமல் வெட்ட வேண்டும். அந்த மலையில் அவரைப்போல வெட்ட ஆளில்லை என்று மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அதெல்லாம் போன வருடத்தோடு சரி. கத்தி இரண்டு தடவை திரும்பியது. இரண்டாவது தடவை முழங்காலுக்குக் கீழே எலும்புவரை இறங்கியது. காயம் ஆறிவிட்டது. கை ஆறவில்லை. கத்தியைத் தூக்கினாலே நடுங்குகிறதாம்.

"கத்தி ஏன் திரும்புது தெரியுமா? எங்க கவ்வாத்துச்சாமிய தண்ணிக்குள்ள விட்டுட்டு வந்துட்டோம்" என்றார். "பணியக்கணக்கு மூழ்குறப்ப மாரியம்மன எடுத்தாங்க, புள்ளையார எடுத்தாங்க. சாமி மலையில நடுக்காட்டுல நின்னாரு. ஒருத்தருக்கும் ஞாபகம் வரல."

பணியக்கணக்கு என்றால் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு. அவர் பிறந்த இடம். அப்போது அவருக்கு எட்டு வயது.

"இப்பதான் தண்ணி வத்திருச்சே மச்சான், போயி கும்புட்டுட்டு வரலாமே?"

"எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுப் போறது?" என்று கையைக் கழுவ எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும், பல் துலக்க வெளியே வந்த என்னைக் கமலம் அக்கா பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஒரு ஒதவி. அந்தச் சாமிய ஒரு போட்டோ புடிச்சித் தாங்க. நட்ட சாமிய புடுங்கக் கூடாதாம், கொண்டு வர முடியாது. மழை விழுந்தா கவ்வாத்து தொடங்கிரும், அதே மழையில சாமியும் முங்கிருவாரு. கல்யாணத்துக்கு அப்பா உசுரோட இல்லன்னா படத்த வச்சித்தானே கும்புடுறோம்? சாமிய மட்டும் ஏன் வைக்கக் கூடாது? சாமி வீட்டுக்கு வந்துட்டாருன்னா இவரு கத்திய எடுத்துருவாரு. எனக்குத் தெரியும்."

"சாமி எப்படி இருப்பாருக்கா?"

"நான் எங்கங்க பார்த்தேன்? நானுஓயாவுலருந்து வாக்கப்பட்டு வந்தவ. கோயிலுக்குப் பின்னால ஓடையத் தாண்டுனா ஒரு சரிவாம். ஒத்தக் கல்லு. இவரு நெஞ்சு மட்டம் இருப்பாராம்."

நெஞ்சளவு கல் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாதா? சரி என்றேன்.

கமலம் அக்காவையும் கூட்டிக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியபோது நான் நினைத்த தனிமை அங்கே இல்லை. பாதி மாவட்டம் அங்கேதான் இருந்தது. கடலை விற்கிறார்கள், ஐஸ் பக்கற் விற்கிறார்கள், மூழ்கிய தபால் கந்தோர் எங்கே என்று இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அரை மைல் நடந்ததும் சத்தம் பின்தங்கியது. அதற்கப்புறம் பாலைதான். சேறு காய்ந்து தட்டுத் தட்டாக வெடித்து, ஓரங்கள் வெயிலில் அப்பளம்போல மேலே சுருண்டிருந்தன. காலை வைத்தால் நொறுங்கும் சத்தம். அதற்குள் இருந்தாற்போல் வரிசை வரிசையாகத் தேயிலைக் கட்டைகள், முப்பது வருடம் தண்ணீருக்குள் நின்றும் வரிசை குலையாமல், இன்னும் காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நிற்கிற ஆட்களைப்போல. நான் பைத்தியம் பிடித்தவள்போல எடுத்துத் தள்ளினேன். படுத்து எடுத்தேன், மாமாவின் தோளில் ஏறி எடுத்தேன். சொன்ன சொல்லுக்கு மாமாவையும் ஒட்டகமாக ஒன்று எடுத்தேன்.

கோயில் தூண்கள் ஒரு மேட்டில். கொஞ்சம் தள்ளி விகாரையின் படிகள். அந்தப் பக்கம் பள்ளிவாசலின் சுவர். எல்லாமே ஒரே சேற்று நிறம். கிட்டப் போகும்வரை எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. மூன்றின் படிகளிலும் யாரோ பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், ஒரே செடியில் பறித்த ஒரே பூ. தவக்காலம் தொடங்கினால் எங்கள் பாதர், ஆண்டவர் நாற்பது நாள் பாலைவனத்தில் இருந்ததைப் பிரசங்கத்தில் சொல்வார். வெறும் மணலில் நாற்பது நாள் என்ன செய்திருப்பார் என்று சின்னப் பிள்ளையில் கேட்டு, அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். அன்று அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது கொஞ்சம் புரிந்ததுபோல இருந்தது. எல்லாம் போனபிறகு எது மிச்சம் நிற்கிறது என்று பார்க்கத்தான் அங்கே போவார்கள் போலும்.

"பிரசங்கம் போதும் புள்ள. கல்லத் தேடு" என்றார் மாமா.

நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சுருளில் இரண்டே படம் மிச்சம். வெயில் சாயும்போது தூண்களின் நிழல் கோயில் மேட்டைத் தாண்டி விழும். அதுதான் போட்டிக்குரிய படம். ஒன்று சாமிக்கு, ஒன்று தூணுக்கு.

ஓடையைத் தாண்டினோம். சரிவு இருந்தது. நெஞ்சளவு கல் மட்டும் இல்லை. மூன்று மணி நேரம் தேடினோம். மாமா ஒரு பாறையைக் காட்டினார், அது ஆனை மாதிரி இருந்தது. கமலம் அக்கா ஒரு தூணைக் காட்டினார், அது யாரோ வீட்டு நிலை. தண்ணீர் இன்னும் கிடக்கும் ஓரத்துக்குக் கிட்டே, என் முழங்கால் உயரத்தில் ஒரு கல் நின்றது. சேறு அப்பி, தலை ஒரு பக்கமாகச் சரிந்து. அதன் தோளில் விரல் போகிற மாதிரி ஒரு பள்ளம், கண்ணாடிபோல வழவழப்பாக. விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. ஆனால் முழங்கால் உயரம்.

"இது இல்லக்கா."

கமலம் அக்கா அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தார். கிழக்கே மேகம் கறுத்து வந்தது. இரண்டு மாதமாக எல்லோரும் வேண்டிக்கொண்டிருந்த மேகம். அவருடைய முகத்தில் மட்டும் அதைக் கண்ட சந்தோசம் இல்லை.

"வேற கல்லு இல்லையே டீச்சர்" என்றார். பிறகு மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்து ஏற்றினார்.

வெயில் பக்கவாட்டில் வந்து அந்தப் பள்ளத்தில் விழுந்தது. மண்டியிட்டு எடுத்தேன். காற்றோ பயமோ, அழுத்தும்போது கை ஆடிவிட்டது. அது தேறாது என்று அழுத்திய உடனே தெரிந்தது. அந்தப் பக்கம் தூண்களின் நிழல் நான் நினைத்ததைவிட அழகாக நீண்டுகொண்டிருந்தது. திரும்பி ஒருமுறை பார்த்தேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் படத்தையும் கல்லுக்கே கொடுத்தேன்.

ஞாயிறு காலை எல்லோரும் வேனில் ஹட்டனுக்கு வந்தோம். முத்துசாமி அண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொழும்பு பஸ் இரண்டு மணிக்கு. முதல் பூசை முடிந்ததும் நான் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அங்கே கறுப்பு வெள்ளையை அவர்களே கழுவுவார்கள். ஒரு மணிக்குக் கரண்ட் போய்விடும் என்றார் ஸ்டூடியோக்காரர். எங்கள் சாமி தண்ணீருக்கு மேலே வந்ததால்தான் கரண்ட் போகிறது. அதை யாரிடம் போய் முறையிடுவது?

சிவப்பு வெளிச்சத்தில், தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் கல் மெல்ல எழுந்து வந்தது. சரிந்த தலை. தோள். பள்ளம். அதற்குக் கீழே, சேறு உரிந்த இடத்தில், உளியால் வெட்டிய ஒரு குறி. குனிந்து பார்த்தேன்.

'7'.

 தோட்டத்தில் தேயிலைப் பகுதியை மலை என்போம்; ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர் உண்டு, எல்லையில் ஒரு நம்பர் கல் உண்டு. நான் எடுத்தது ஏழாம் நம்பர் மலையின் கல். கமலம் அக்கா கற்பூரம் காட்டியதும் அதற்குத்தான். தாளைக் காயப்போட விசிறியைப் போட்ட நிமிடம் கரண்ட் போனது. மணி ஒன்றே முக்கால் ஆகும்வரை, கொடுப்பதா மறைப்பதா என்று அந்த இருட்டிலேயே நின்றேன். பிறகு ஈரப் படத்தை இரண்டு மூலையில் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். கடைத்தெரு முழுக்க வழிவிட்டது.

முத்துசாமி அண்ணன் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். பை மேலே. ஜன்னலுக்குக் கீழே கமலம் அக்காவும் மாமாவும்.

"அண்ணே, மன்னிச்சிருங்க" என்று ஜன்னலில் படத்தை நீட்டினேன். "சாமி கெடைக்கல. இது நம்பர் கல்லு. ஏழுன்னு போட்டிருக்கு பாருங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். நடத்துனர் கொழும்பு கொழும்பு என்று கத்திக்கொண்டிருந்தான். முத்துசாமி அண்ணனின் கட்டைவிரல் ஈரப் படத்தின் மேல் நகர்ந்து, அந்தப் பள்ளத்தில் போய் நின்றது. மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்தது. நடுங்கவில்லை.

"இது கத்தி தீட்டுன பள்ளம் டீச்சர். கவ்வாத்துக்கு எறங்குற மொத நாளு ஒவ்வொருத்தரும் ஒரு இழுப்பு இழுத்துட்டுத்தான் மலைக்குள்ள போவாங்க. எங்கப்பா இழுத்தத நான் பார்த்திருக்கேன்."

"அப்ப நம்பரு?"

"அது மேல எண்ணெயும் குங்குமமும் இத்தன மொத்தம் இருக்கும். ஒண்ணும் தெரியாது. தண்ணி கழுவி விட்டிருக்கு." சத்தமாகச் சிரித்தார். "நம்பர் கல்லாவே இருக்கட்டும், என்ன இப்ப? வெள்ளக்காரத் தொர நம்பரு போட்டாரு, நாங்க சாமி போட்டோம்."

"நெஞ்சு மட்டம்னு சொன்னீங்களேண்ணே? இது முட்டி மட்டம்தான் இருக்கு."

கமலம் அக்கா முந்திக்கொண்டார். "அப்ப இவருக்கு எட்டு வயசு! சாமி ஒண்ணும் கொறையல. இவருதான் வளந்துட்டாரு. மூள மட்டும் அங்கேயே நிக்கிது."

பஸ்ஸுக்குள் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்போது கூரையில் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. ஹட்டன் பஸ் நிலையமே ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தது. யாரும் ஒதுங்கவில்லை.

"மச்சான், மழை வருது, ஷட்டர மூடு" என்றார் மாமா.

முத்துசாமி அண்ணன் ஷட்டரை மூடவில்லை. எழுந்து மேலேயிருந்த பையை இறக்கினார்.

"மழை வந்தா கவ்வாத்துதானேடா" என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கினார்.

அம்பாந்தோட்டைக்கு நான்கு படங்களையும் அனுப்பினேன். ஒரு தாயிடமிருந்து, யாரோ எழுதிக்கொடுத்த சிங்களக் கடிதம் வந்தது. மஸ்கட்டுக்கு வெடித்த சேற்றை அனுப்பினேன். மணலே இல்லாமல் என்ன பாலை என்று நடுவர்கள் ஒதுக்கிவிட்டதாக அண்ணன் எழுதினான். அவர்களுக்கு எங்கள் தமிழ் டீச்சரிடம் படிக்கும் பாக்கியம் இல்லை.

மாதக் கடைசியில் மாமா லீக்ஸ் ஏற்றப் போய்விட்டு வந்து சொன்னார். தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கு மலையில் கவ்வாத்து தொடங்கிவிட்டதாம். ஓரத்துச் சவுக்கு மரத்தில், நனையாமல் இருக்க ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, என் படத்தை ஆணியில் மாட்டியிருக்கிறார்களாம். கீழே ஒரு தேங்காய், பன்னிரண்டு கத்தி. வேலைக்கு இறங்குமுன் ஒவ்வொருத்தரும் பையின் மேல், பள்ளம் இருக்கிற இடத்தில் கட்டைவிரலால் ஒரு இழுப்பு. முதல் ஆள் முத்துசாமியாம்.

இதுவரை என் படம் வைக்கப்பட்ட கண்காட்சி அது ஒன்றுதான். நல்ல கூட்டம் என்றார் மாமா.